ஆசிரியருக்குத் தெரிந்தவை: கல்லூரி மாணவரின் அந்தரங்கமும் வகுப்பாசிரியரின் கடமையும்

ஐந்து நாளாகக் கல்லூரிக்கு வராதவர்களின் பட்டியல் வகுப்பாசிரியர் கையில் இருக்கிறது. "வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்று துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) சொல்லிவிட்டார். ஆசிரியர் அழைக்கிறார். எடுத்தவர் மாணவியின் அப்பா. "உங்க பொண்ணு திங்கட்கிழமையில இருந்து காலேஜுக்கு வரலீங்களே, உடம்பு சரியில்லையா?"

தமிழ்நாட்டில் நாள்தோறும் நடக்கும் அழைப்பு இது. யாரும் இதைத் தவறென்று நினைப்பதில்லை. சில வீடுகளில் இப்படி ஓர் அழைப்பு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு சில வீடுகளில் அந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு நின்றிருக்கிறது. "காலேஜுக்குன்னு சொல்லிட்டு எங்க போன?" என்ற கேள்வியில் தொடங்கி, அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பதில் போய் முடிந்திருக்கிறது. அவள் எங்கும் போகாமல், மாதவிடாய் வலியோடு விடுதி அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம். பகுதி நேர வேலைக்குப் போய்த் தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் சேர்த்திருக்கலாம். ஆசிரியருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் அவளைக் கேட்கவில்லை.

பெற்றோரை அழைக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. முதலில் மாணவியிடம் பேச வேண்டும். கல்லூரி ஆசிரியரின் பொறுப்பு என்று நாம் பேசும் பலவும் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். சொன்னது வெளியே போய்விடும் என்று தெரிந்தால் மாணவர் வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காதவருக்கு உதவ வழியில்லை. உதவி செய்தாலும், பாடத்தின் விதிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திராத வகுப்பில் அது "அவனுக்கு மட்டும் சார் மார்க் போட்டுட்டாரு" என்ற பேச்சாகத்தான் மிஞ்சும். அந்தரங்கம், ஆதரவு, பாட ஒழுங்கு மூன்றையும் தனித்தனிச் சுற்றறிக்கைகளாக நினைக்கும் கல்லூரிகளில் மூன்றுமே நடப்பதில்லை.

ஒரு வகுப்பாசிரியருக்கு மாணவரைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக், அப்பாவின் தொழில், அம்மா தனித்து வாழ்கிறாரா என்பது, முதல் பட்டதாரிச் சலுகை, மருத்துவச் சான்று, அரியர் எண்ணிக்கை எல்லாம் அவர் கண்ணில் படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள், பல வீடுகளில் அந்த ஆயிரம் ரூபாய்தான் பேருந்துச் செலவு. ஆனால் அவற்றுக்கான விவரம் திரட்டப்படும் விதம் வேறு கதை. "ஆதார், பாஸ்புக் போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். மாலைக்குள் அறுபது பேரின் ஆதார் படங்கள் அறுபது பேரின் கைப்பேசியிலும் இறங்கியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நாளைக்கே கடைசித் தேதி, அலுவலகத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? கல்லூரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 18 வயதைத் தொட்டவர்கள் அல்லது சில மாதங்களில் தொடப்போகிறவர்கள். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்தவர் முழு மனிதர். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரைத்தான் குழந்தை என்கிறது, பெற்றோரின் ஒப்புதல் அவருக்குத்தான் தேவை. 18 முடிந்த மாணவரின் தரவுக்கு ஒப்புதல் தரவேண்டியவர் அந்த மாணவரேதான். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு.

அமெரிக்கா இந்தக் கேள்வியை 1974-லேயே எதிர்கொண்டது. ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம், பிள்ளை கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவேட்டின் மேலுள்ள உரிமையைப் பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாற்றிவிடுகிறது. அங்கே பிள்ளையைச் சேர்த்த தமிழ்ப் பெற்றோர் முதல் பருவத்தில் திகைத்துப்போகும் இடம் இது. கட்டணம் கட்டுவது நாம், மதிப்பெண் கேட்டால் "உங்கள் மகனைக் கேளுங்கள்" என்கிறது கல்லூரி. மாணவர் எழுதிக் கொடுத்தால் சொல்வார்கள். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்பட்ட மாணவர் என்றால் சொல்லலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லலாம். திருத்திய விடைத்தாள்களைக் கட்டாக அறைவாசலில் வைத்து "அவரவர் எடுத்துக்கங்க" என்று சொல்வதும், பெயர் போட்டு மதிப்பெண்ணை ஒட்டுவதும் அங்கே தவறு. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்த தாய்க்கு, அவன் தேறினானா என்று கேட்க ஒரு தார்மீக உரிமை உண்டு. அதைச் சட்டப் பிரிவு காட்டி மறுப்பது எனக்கு உவப்பானதில்லை.

ஆனால் மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அந்தத் தாய்க்காக நடப்பதில்லை. பெயர், பதிவு எண், ஐந்து பாடத்தின் மதிப்பெண், தோல்வியடைந்த இடத்தில் சிவப்பு மை. இப்போது அதுவே எக்செல் கோப்பாகிக் குழுவில் வருகிறது. பதிவு எண்ணை மட்டும் போட்டால் போதும் என்பார்கள். ஓராண்டு சேர்ந்து படித்த வகுப்பில் யாருடைய எண் எது என்று எல்லோருக்கும் மனப்பாடம்.

விடைத்தாள் யாருடையது என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 2011-இல் பதில் சொல்லியிருக்கிறது. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு அது. தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பார்க்கவும் நகல் வாங்கவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். தேர்வு நடத்தும் அமைப்பு விடைத்தாளை நம்பிக்கைக்குரியவராக வைத்திருக்கிறது என்று கொண்டால், அந்த நம்பிக்கை மூன்றாம் ஆளுக்குக் காட்டாமல் இருக்கத்தான் பயன்படும், எழுதியவரிடமே மறைக்கப் பயன்படாது என்றும் விளக்கியது. நம் கல்லூரிகளில் நடப்பது இதற்கு நேர்த் தலைகீழ். மதிப்பெண்ணை ஊருக்கே காட்டுகிறோம். விடைத்தாளை அந்த மாணவருக்குக் காட்டத் தயங்குகிறோம்.

மதிப்பெண்ணைவிடக் காயப்படுத்துவது உதவித்தொகைப் பட்டியல். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க, ஆபீஸ் போங்க" என்று நடு வகுப்பில் கூப்பிடும்போது அறுபது பேருக்கும் யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. அடுத்த நாள் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதுகூட மாறலாம். நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை இதைத் தொட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, உதவித்தொகைச் செய்தியை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அறிக்கைதான். ஆனால் கல்லூரி என்றதும் சாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதில்லை. தனித்தனியாகச் செய்தி அனுப்ப ஆசிரியருக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

இனி ஆதரவு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளில் ஆசிரியருக்கான தொழில் ஒழுக்க நெறி இருக்கிறது. மாணவரிடம் அன்போடு இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் பழிவாங்கக் கூடாது, மதிப்பிடும்போது அவர் கற்றதை மட்டுமே பார்க்க வேண்டும், வகுப்பு நேரம் முடிந்த பிறகும் கிடைக்க வேண்டும், அதற்குக் காசோ பரிசோ வாங்கக் கூடாது என்கிறது அந்த நெறி. பழிவாங்கக் கூடாது என்று எழுதி வைக்கவேண்டி வந்ததே, "இன்டர்னல்ல கை வச்சிடுவேன்" என்று அக மதிப்பெண்ணைக் காட்டும் மிரட்டல் நம் வளாகங்களில் எவ்வளவு பழக்கம் என்பதற்குச் சாட்சி. அதே ஆவணத்தில் பெற்றோர் பற்றிய பகுதி, தேவைப்படும்போது மாணவரின் முன்னேற்ற அறிக்கையை அவர்களுக்கு அனுப்பக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய ஆசிரியர்கள் முயல வேண்டும் என்கிறது. ஆனால் மாணவர் நம்பிச் சொன்னதைக் காப்பது பற்றி, மாணவருக்கான கடமைகளின் வரிசையில் ஒரு வரி இல்லை. அந்த இடைவெளியில்தான் நாம் இத்தனை ஆண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தடுமாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது மென்டார் நோட்டு. இருபது, இருபத்தைந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் மென்டார், அதாவது வழிகாட்டி. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது மென்டார்-மாணவர் விகிதத்தையும் அதற்கான ஆவணத்தையும் கேட்கிறது. எனவே நோட்டு நிரம்பியாக வேண்டும். "குடும்பப் பிரச்சினை, அப்பா குடி", "காதல் விவகாரம், அறிவுரை கூறப்பட்டது", "மனநல மாத்திரை எடுக்கிறார்" என்று தேதி போட்டு எழுதி மாணவரிடமே கையெழுத்தும் வாங்குகிறார்கள். அந்த நோட்டு துறை அலமாரியில் இருக்கிறது. ஆய்வு நாளில் மேசையில் பரப்பி வைக்கப்படுகிறது. அறிமுகமில்லாத பேராசிரியர்கள் புரட்டுகிறார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே சொன்ன விஷயம் கல்லூரியின் மதிப்பெண்ணுக்கான சான்றாக மாறுகிறது. சந்தித்த நாள், எவ்வளவு நேரம் பேசினோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் எழுதினாலே சந்திப்பு நடந்ததற்குச் சான்று கிடைத்துவிடும். காரணத்தை எழுதத் தேவையில்லை. எழுதியே ஆகவேண்டும் என்று ஹெச்.ஓ.டி. கேட்டால், "தனிப்பட்டது" என்ற ஒரு சொல் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் காப்பேன் என்று ஆசிரியர் சத்தியம் செய்யவும் கூடாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அந்த எண்ணை மேற்கோள் காட்டித்தான் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சுக்தேவ் சாஹா வழக்கில் கல்வி நிறுவனங்களுக்குப் பதினைந்து வழிகாட்டு நெறிகளை விதித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு 17 வயதுப் பெண்ணின் மரணம் அந்த வழக்கின் தொடக்கம். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனம் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். ஆசிரியர், அலுவலர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவாக்குவதையும் பலர் முன்னால் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். இவை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றும்வரை கட்டுப்படுத்தும் உத்தரவுகள்.

ஆக, ஒரு மாணவர் "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கினால், முதல் பதில் இப்படி இருக்கலாம்: "சொல்லுப்பா, கேக்குறேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கதை கேட்ட பிறகு சொன்னால் துரோகம். கேட்கும் முன்பே சொல்லிவிட்டால் அவர் எவ்வளவு சொல்லலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். அனுபவத்தில், இப்படிச் சொன்ன பிறகும் பெரும்பாலோர் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆசிரியர் மருத்துவர் இல்லை. அவர் வேலை கேட்பது, கூடவே நடந்து ஆலோசகர் அறை வாசல் வரை கொண்டுபோய் விடுவது, இரவில் அழைக்க 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடுப்பது. மறுநாள் "சாப்பிட்டியா?" என்று கேட்பதும் அதில் சேரும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் என்றால் விதி வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் 2015-ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறையும் அதை உள் புகார்க் குழுவிடம் ஒப்படைக்கின்றன. புகார் தந்தவரின் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வகுப்பாசிரியர் இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்துப் பேசுவது நல்லெண்ணமாகத் தோன்றும். அது சட்டத்துக்கும் புறம்பு, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து.

மாற்றுத்திறன் உள்ள மாணவர் விஷயத்தில் நாம் இன்னும் அதிகம் சொதப்புகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு, குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோலைக் கேட்காமலே எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாட ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது "இவருக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல்" என்பது மட்டும். நோயின் பெயர் தெரியத் தேவையில்லை. தேர்வறையில் உரக்க அறிவிக்கவும் தேவையில்லை.

மூன்றாவது, பாட ஒழுங்கு. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் பாடத்திட்டத்தை வகுப்பதில்லை, பருவத் தேர்வு வினாத்தாளும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது இன்டர்னலும் வருகைப் பதிவும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. பருவத்தில் இரண்டு மதிப்பீடுகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு அறுபது விழுக்காடு, அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு நாற்பது. வருகை 75 விழுக்காடு இருக்க வேண்டும். மருத்துவக் காரணமோ விளையாட்டோ இருந்தால் 65 வரை கண்டோனேஷன், அதாவது குறைவைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை, உண்டு, அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். நாற்பது மதிப்பெண் என்பது சிறிய அதிகாரமில்லை. ஒரு பிள்ளைக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அதில் இருக்கலாம்.

அதே விதிமுறையில் வகுப்புக் குழு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பாட ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் உட்காரும் கூட்டம் அது. மதிப்பீட்டுத் தேதி, எந்தத் தேர்வுக்கு எந்தப் பகுதி, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை அங்கே சொல்ல வேண்டும். பின்தங்கியவர்களைக் கண்டறிந்து கூடுதல் உதவி கேட்பதும் அந்தக் குழுவின் வேலைதான். அதாவது பாட ஒழுங்கும் ஆதரவும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று விதியை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். பல இடங்களில் இந்தக் கூட்டத்தின் குறிப்பேடு மட்டும் நடக்கிறது, கூட்டம் நடப்பதில்லை.

முதல் வாரத்தில் ஒரு பக்கத் தாள் கொடுத்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். நாற்பது எப்படிப் பிரியும், அசைன்மென்ட் தாமதமானால் எவ்வளவு குறையும், தவறவிட்ட தேர்வுக்கு மறுதேர்வு உண்டா, ரெக்கார்டு நோட்டில் எது பார்க்கப்படும், சாட்ஜிபிடியை எதற்குப் பயன்படுத்தலாம் எதற்குக் கூடாது, ஆசிரியரை எந்த நாளில் எந்த நேரத்தில் பார்க்கலாம். தமிழிலும் ஒரு முறை சொல்ல வேண்டும். தமிழ் வழியில் பன்னிரண்டு முடித்து வந்தவர்கள், புரியவில்லை என்று சொல்லவே முதல் பருவம் முழுக்கக் கூச்சப்படுவார்கள். அந்தத் தாளில் "தேர்வைத் தவறவிட நேர்ந்தால் காரணத்தை என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், வகுப்பில் சொல்ல வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தால், கருக்கலைந்த மாணவியும், அப்பா சிறையில் இருக்கும் மாணவனும் ஒரே கதவைத் தட்ட முடியும். இருவருக்கும் மறுதேர்வு கிடைக்கும். மற்றவர்களுக்கு அது விதிப்படி கிடைத்தது என்று தெரியும், காரணம் தெரியாது.

இத்தனையும் யார் தலையில்? உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்கிறது மானியக் குழு. நடைமுறையில் அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். சுயநிதிக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவதும் ஆசிரியரே, கட்டணப் பாக்கியைக் கேட்பதும் அவரே. காலையில் "ஃபீஸ் கட்டலையா?" என்று வகுப்பில் எழுப்பி நிற்கவைத்த அதே ஆசிரியரிடம் மாலையில் மனம் திறக்கச் சொன்னால் எந்த மாணவர் திறப்பார்? கட்டணம் கேட்கும் வேலையை அலுவலகம் எடுத்துக்கொள்ள வேண்டும். விவரம் திரட்ட, அவரவர் மட்டும் பார்க்கும்படியான ஒரு படிவத்தைக் கல்லூரி தர வேண்டும். அவை வரும்வரை ஆசிரியரால் முடிந்தவையும் இருக்கின்றன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வருடம் போட்ட ஆதார் படங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைக் குழு அட்மின் நீக்கிவிட்டு, மாணவர்களிடமும் அவரவர் கைப்பேசியிலிருந்து அழித்துவிடச் சொல்ல இன்று மதிய உணவு இடைவேளை போதும்.